மூன்றாவது மாடசாமி

பானையில் அரிசி களைந்த தண்ணீர் இன்னும் சூடேறவில்லை, விளிம்பில் ஒரு குமிழிகூட இல்லை, அது பொங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும். பொங்கி, குலவை போட்டு, அரிசியையும் கையால் அள்ளிப் போட்டுவிட்டால் தேவானை ஆன்ட்டி இந்த ஊர்க்காரர் ஆகிவிடுவார், கீழக்கரிசல்குளத்து மாடன் கோயிலுக்கு முப்பத்திரண்டு தலைக்கட்டுக் குடும்பம் என்பது முப்பத்திமூன்று ஆகிவிடும். சங்கிலிமாடன் அண்ணாச்சி காலையில் அப்படித்தான் சொன்னார், "பொங்கிட்டுன்னா அவ்வளவுதான் தாயி, பொறவு நீங்களே நெனச்சாலும் எங்களவிட்டுப் பிரிய முடியாது." ஆன்ட்டிக்குப் பாதிதான் புரிந்திருக்கும், டர்பனில் பிறந்து டர்பனிலேயே அறுபத்திரண்டு வயதானவர், ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அப்போது ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். இப்போதும் ஓலைதான் கையில். அவர் குனிந்து ஊதுகிறார், புகை முகத்தில் அடிக்கிறது, இருமுகிறார், நான் ஓலையை ஒடித்து அடுப்பில் செருகுகிறேன், செருகச் செருக தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், எனக்கு இருக்கிற நேரத்தை நானே எரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஓலையைக் கீழே போட்டேன். தெரியாமல் விழுந்த மாதிரி. "தம்பி, தீ சின்னதா போகுது பாரு" என்கிறார் ஆன்ட்டி. எடுத்துச் செருகினேன். சொல்வதற்கு நான்கு வார்த்தைதான். இது உங்க ஊர் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்டாலே கண்டக்டர் இரண்டு தடவை "எங்க?" என்பார், அவ்வளவு சின்னக் குரல் எனக்கு, அதை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு பானைக்கு நடுவில் நின்று எப்படிச் சொல்வது. குரலைக் குற்றம் சொல்கிறேன். குரல் என்ன செய்யும். போன மாதம் போனில் ஆன்ட்டியும் நானும் மட்டும்தானே பேசினோம், அப்போது சின்னக் குரல் போதாதா.

போனில் அவர் காதைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். முதலில் வந்த மெயிலில் காது இல்லை. ஒரு பெயர்தான் இருந்தது, மாடசாமி, அப்பாவின் தாத்தா, கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேறி வந்தவர், நீ இப்படித் தேடிக் கொடுப்பாய் என்று இங்கே சொன்னார்கள். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு அந்தக் காலத்துக் கப்பல் பட்டியல்களைக் கணினியில் புரட்டிக்கொண்டிருக்கிற பையன் என்று என் பெயர் எப்படியோ அங்கே போயிருக்கிறது. மாடசாமி என்றால் எந்த மாடசாமி? இந்தப் பக்கம் சுடலைமாடனைக் கும்பிடுகிற வீட்டில் மூத்த பிள்ளைக்கு வேறு பெயர் ஏது. இன்று இந்தப் பந்தலில் நின்று மாடசாமி என்று கூப்பிட்டால் எட்டுப் பேர் திரும்புவார்கள், அதற்காகத்தான் லாரி மாடசாமி, கேபிள் மாடசாமி, ஒத்தவீட்டு மாடசாமி என்று இங்கேயும் முன்னால் ஒன்று ஒட்டி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் ஒட்டு கிடையாது. நாற்பத்தியோரு மாடசாமிகள். அதில் பாதிப் பேருக்கு அப்பா பெயரும் நம்மை அலைக்கழிக்கும், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோமா, மாடசாமி மகன் இசக்கி, இசக்கி மகன் மாடசாமி, மறுபடி இசக்கி, எந்தத் தலைமுறையில் நிற்கிறோம் என்றே தெரியாமல் ஏறி இறங்கிக்கொண்டிருப்போம். எனக்கு அது பிடிக்கும். பிடித்தது. தோட்டத்தின் பெயரை ஆன்ட்டி எங்கிருந்தோ விசாரித்துச் சொன்னபின் நாற்பத்தியொன்று மூன்றாகக் குறைந்தது. முதலாவது ஆள் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு ஏறியவர், ஆன்ட்டியின் ஆள் தனியாகப் போனவர், அதனால் அவர் இல்லை. இரண்டாவது மாடசாமி, தகப்பன் சங்கிலி, வயது இருபத்தைந்து, ஊர் கீழக்கரிசல்குளம், அடையாளம் ஒன்றுமில்லை. மூன்றாவது மாடசாமி, தகப்பன் பெயர் நொண்டி, வயது இருபது, அடையாளம், வலது காது மடல் கிழிந்த தழும்பு. ஊர் வடக்குப் பொய்கையூர். என் ஊர். படித்ததும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். தாகமே இல்லை. இரண்டாம் ஆளாகவும் இருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன், இரண்டு பேரும் ஒரே தோட்டம், ஒரே வருஷம், ஏன் இருக்கக் கூடாது. அப்படி நினைப்பதற்கு எனக்கு இரண்டு நாள் கிடைத்தது. இரண்டாம் நாள் போன் செய்தவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், "என் அப்பா சொல்லும் தம்பி, தாத்தா தூங்குறப்பவும் தலப்பா எடுக்காது. இந்த வலது காது மூடியே இருக்கும். கப்பல்ல கயிறு பட்டுப் பிச்சிக்கிச்சாம், பாவம்." கயிறு. பட்டியல் எழுதுவது கப்பல் ஏறுவதற்கு முன்னால். அவருக்கு அது சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி ஒரு செல்லமான விஷயம். "கிடைச்சுதா ஏதாவது?" என்றார். கிடைத்தது என்றேன். கீழக்கரிசல்குளம் என்றேன்.

பந்தலின் அந்தக் கோடியில் ஒரு குழந்தை வீரிட்டு அழுகிறது, காது குத்துகிறார்கள், தாய்மாமன் மடியில் வைத்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருக்கிறார், ஆசாரி ஒரு காது முடித்துவிட்டார். "அடுத்ததயும் சட்டுனு முடியும் ஆசாரி, பய சுதாரிச்சுட்டான்" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆன்ட்டியும் சிரிக்கிறார். எனக்குக் காது சூடாகிறது. என் காது. என் தாத்தா கதை சொல்லும்போது அந்த இடம் வந்ததும் என் காதைப் பிடித்து இழுப்பார், வலிக்காமல், லேசாக, நான் காத்துக்கொண்டே இருப்பேன் எப்போது இழுப்பார் என்று. நூறு கதை சொல்லியிருப்பார், எல்லாம் வாயால் சொன்னதுதான், நான் சோறு தின்றது தூங்கியது எல்லாம் அந்தக் கதைகளோடுதான், ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான். "வடக்குத் தெரு மாடசாமி இருக்கானே, பய ஒருநா ரெண்டு காதுலயும் பவுனு கடுக்கனப் போட்டுக்கிட்டு நம்ம களத்துல வந்து நிக்கான். அவனுவ போடலாமா? போட்டுட்டு வந்து நிக்கான். எங்க தாத்தா பாத்தாரு. என்னலே இது, களத்துல ரெண்டு சூரியன் நிக்கின்னாரு. அவன் பல்லக் காட்டுதான். ஊருக்கு ஒண்ணு போதும்லேன்னு ஒரே இழுப்பு. ஒண்ணு கையோட வந்துட்டு. இன்னொண்ணத் தூக்கிட்டு ஓடுனாம் பாரு ஓட்டம், தூத்துக்குடியில கடல் வந்துதான் பயல நிப்பாட்டிச்சு." நான் உருண்டு உருண்டு சிரிப்பேன். தாத்தா திரும்ப, தாத்தா திரும்ப என்று காதை நீட்டுவேன். ஐந்து வயதா, ஆறா. பன்னிரண்டு வயதில் வகுப்பில் இதைச் சொல்லிக் காட்டினேன், தாத்தா மாதிரியே குரலை மாற்றி, கையை இழுத்து. பின் பெஞ்சில் வடக்குத் தெரு முனீஸ் இருந்தான். அவனும் சிரித்தான். அவன் சிரித்தானா? சிரித்தான் என்றுதான் இத்தனை வருஷம் வைத்திருந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அவன் முகம் இருக்கிற இடத்தில் பெஞ்சும் பையும்தான் இருக்கிறது. தாத்தாவின் தாத்தா பெயர் ஆவுடையப்பன். தாத்தா பெயர் ஆவுடையப்பன். என் பெயரும் அதுதான், ஒன்று விட்டு ஒன்று. பட்டியலில் தேடுகிறவனுக்கு எங்கள் மூன்று பேரையும் பிரித்துச் சொல்ல முடியாது.

"தம்பிக்கு எந்த ஊரு?" காலையில் வேனை விட்டு இறங்கியதும் சங்கிலிமாடன் அண்ணாச்சி கேட்டார். டவுன் பக்கம் என்றேன். "டவுன்ல எங்ஙன?" பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால என்றேன், அங்கே எனக்கு யாரும் இல்லை. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. என் சட்டையைப் பார்த்தார், கையில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார், அது எங்கள் ஊர்க் கோயில் கொடையில் கட்டியது, நிறத்தைப் பார்த்தாலே யார் எவர் என்று இந்தப் பக்கம் தெரிந்துவிடும், நான் கையைப் பின்னால் கொண்டுபோனேன். கழற்றிவிட்டு வந்திருக்கலாம். கழற்ற வேண்டும் என்று தோன்றவேயில்லை, கழற்ற வேண்டிய கயிறு என்று இத்தனை நாள் தோன்றாததுதான் என் பிழைப்பு. அப்புறம் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார், "இங்ஙன நம்மகிட்ட சாப்பிடுவியள்லா? இல்ல, ஒங்களுக்கு மட்டும் கடையில வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா? ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டோம்." ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டோம். அவர் சொன்னது எனக்குக் கூச்சம் வராமல் இருப்பதற்காக. என்னைவிட முப்பது வயது மூத்தவர். சாப்பிடுவேன் அண்ணாச்சி என்றேன், அதைச் சொல்லும்போது ஏதோ பெரிதாகச் செய்துவிட்ட மாதிரி உள்ளே ஒரு சின்ன நிமிர்வு வந்தது, அந்த நிமிர்வை நானே பார்த்துவிட்டேன். ஆன்ட்டியை வடக்குப் பொய்கையூருக்குக் கூட்டிப் போயிருந்தால்? அம்மா கெட்டவள் இல்லை. வாங்க என்பாள். நாற்காலியைத் திண்டோடு எடுத்து வாசலில் போடுவாள். வாசலில். காப்பி எவர்சில்வர் டம்ளரில் வராது, பேப்பர் கப்பில் வரும், ஒரு கட்டு பேப்பர் கப் எங்கள் அடுக்களையில் எப்போதும் இருக்கும், எதற்கு என்று நான் கேட்டதில்லை. அப்பா வருவார். எங்கேயிருந்து வாரிய, தென்னாப்பிரிக்காவா, யாரு, மாடசாமி பேத்தியா, எந்த மாடசாமி என்பார், சொல்லுவோம், சொன்னதும் அப்பாவுக்கு ஞாபகம் வரும், அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும், எட காதறுந்த மாடசாமியா என்று ஆரம்பித்துவிடுவார், கெட்ட எண்ணமே இல்லாமல், ஒரு ஊர்க்காரங்க என்கிற பிரியத்தில். அதுதான். அந்த வாசலை ஆன்ட்டி பார்த்துவிடக் கூடாது என்றுதான் ஊரை மாற்றிச் சொன்னேன். ஆன்ட்டிக்காக இல்லை. நான் எந்த வாசலில் இருந்து வருகிறேன் என்று அவர் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான், இதில் இரக்கம் கிரக்கம் ஒன்றுமில்லை.

விளிம்பில் குமிழி வந்துவிட்டது. சின்னது. ஆன்ட்டி என்னைப் பார்த்துப் பானையைக் காட்டுகிறார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அவருடைய அடுப்பு வரிசையின் நடுவில் இருக்கிறது, பதினேழாவது. அதுதான் காலையில் என்னைப் பிடித்து உலுக்கியது, நான் எதிர்பார்க்காதது. ஒரு தலைக்கட்டுக்கு ஒரு அடுப்பு, மூன்று கல், வரிசை மாறாது, யாருக்கு எந்த இடம் என்று தாத்தன் காலத்தில் இருந்து அப்படியே வருகிறது. பதினேழாவது இடத்தில் கல் மட்டும் கிடக்கும், பானை ஏறாதாம். "எங்க சங்கிலித் தாத்தா மூத்த மவன் எடம்" என்றார் அண்ணாச்சி, "கப்பல்ல போனவரு. போனவரு வரட்டும்னு வருசா வருசம் கல்லக் கழுவி வச்சுட்டு வந்துருவோம். எங்கய்யா கழுவுனாரு, நான் கழுவுதேன். நூத்தி முப்பது வருசம் இருக்கும்லா தம்பி? நீங்க படிச்சவிய, கணக்குச் சொல்லுங்க." நூற்று முப்பதுக்கு மேலே என்றேன். அவர் பெண்டாட்டி பேச்சித்தாய் அக்கா ஆன்ட்டியின் கையைப் பிடித்து அந்தக் கல்லைத் தொட வைத்தார். "சும்மா கெடந்த கல்லு, கரி பிடிக்காம வெள்ளையா இருக்குது பாருங்க மதினி. இன்னைக்குத்தான் அதுக்குக் கரி பூசப் போறிய." மதினி என்றார். சங்கிலி மகன் மாடசாமி உண்மையில் ஒருவர் இருந்தார், அவரும் போனார், அவருடைய ஆட்களும் அங்கே எங்கேயோ இருப்பார்கள், ஒருநாள் யாரிடமாவது கேட்பார்கள், மாடசாமி என்று ஒரு பெயர்தான் இருக்கிறது, தேடித் தர முடியுமா என்று. இவர்கள் சொல்லுவார்கள், எங்க ஆள் ஏற்கெனவே வந்தாச்சு, நீங்க வேற மாடசாமி. காலையில் பட்டியலைக் காட்டி நான்தான் அண்ணாச்சியை நம்ப வைத்தேன். சங்கிலித் தாத்தா பேரு உங்களுக்கு, பட்டியல்ல தகப்பன் பேரும் சங்கிலி, ஒத்துப் போகுதா பாருங்க என்று பேனாவால் கோடு போட்டேன். அவர் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

சொல். இப்போது. இன்னும் இரண்டு நிமிஷம், மூன்று. பக்கத்து அடுப்பில் பொங்கிவிட்டது, நாலைந்து பெண்கள் குலவை இடுகிறார்கள், ஆன்ட்டிக்குக் குலவை இடத் தெரியவில்லை, நாக்கைச் சுழற்றிப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார். பேச்சித்தாய் அக்கா, "வாய இப்படி வைங்க மதினி, ஆ, இப்ப நாக்க ஆட்டுங்க, அட ஒங்க ஊருல இதுகூடச் சொல்லித் தரலியா, என்னத்த ஊரு அது" என்கிறார். ஆன்ட்டி, "எங்க ஊர்ல கார் ஓட்டச் சொல்லித் தரும், இது தராது" என்கிறார். இன்னொரு சிரிப்பு. இந்தச் சிரிப்பைக் கலைக்க நான் யார். பாருங்கள், எவ்வளவு நல்ல காரணம் கிடைக்கிறது. பொய்யால் யாருக்கு என்ன கெடுதல், ஆன்ட்டி சந்தோஷமாகப் போவார், இவர்களுக்கும் சந்தோஷம், கல்லும் கரி பிடிக்கும், நானும் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம். தண்ணீர் ஏறுகிறது. நுரை கட்டுகிறது. கழுத்துவரை வந்துவிட்டது. எல்லோரும் கூடிவிட்டார்கள், முப்பத்திரண்டு வீட்டுப் பெண்களும், இந்த ஒரு பானைக்காக. நுரை விளிம்பைத் தொட்டுத் தாண்டி வழிந்தது, கிழக்குப் பக்கமாக, குலவை எழும்பியது, பந்தல் தகரம் அதிர்ந்தது, அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு நான் சொன்னேன். ஆன்ட்டி, இது உங்க ஊர் இல்லை. எனக்கே கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்த நொடியைப் பார்த்துத்தான் வாயைத் திறந்திருக்கிறேன். சொல்லியாயிற்று என்று என்னிடமே நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. அந்த அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் உண்டு.

ஆனால் ஆன்ட்டி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். குலவை அடங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "என்ன சொன்னே தம்பி?" என்றார். கையில் அரிசி. இன்னும் போடவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்ல நாக்கு தயாராக வந்து நின்றது. அவர் முகத்தில் கரி, நெற்றியில் மஞ்சள், கண் புகையில் சிவந்து, என்னைச் சந்தேகப்படவே தெரியாமல் பார்த்தார். "எங்க ஊர் வடக்குப் பொய்கையூர்" என்றேன். ஏன் அதைச் சொன்னேன், சொல்ல வேண்டியது அதுவா. ஆன்ட்டிக்கு அது வெறும் ஒரு ஊர்ப்பெயர். சங்கிலிமாடன் அண்ணாச்சிக்கு அப்படியில்லை. அவர் கையில் வைத்திருந்த அகப்பை அப்படியே நின்றது, என் முகத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், காலையிலேயே தெரிந்திருக்கிறது. "ஒங்க தாத்தாவும் அந்த ஊர்தான் ஆன்ட்டி. காது கப்பல் கயித்துல போகல. பட்டியல்ல இருக்கு. நான் மாத்திச் சொல்லிட்டேன்." இந்த முறை கேட்டது. பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது, என் குரல் இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேச்சித்தாய் அக்கா மட்டும், "அப்பம் எங்க தாத்தா எங்க?" என்றார், யாரையும் பார்க்காமல். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். தெரியலக்கா, தேடணும் என்றேன். அண்ணாச்சி ஓலையை அடுப்பிலிருந்து கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார், தீயைத் தணித்தார், அணைக்கவில்லை. "பொங்கின பானைய எறக்க முடியாது தாயி, அரிசியப் போடுங்க. வந்தவிய வந்தவியதான். எங்க ஆளு வந்தா பக்கத்துல இன்னும் மூணு கல்லு வச்சுக்கிடுதோம், கல்லா கெடைக்காது."

ஆன்ட்டி அரிசியைப் போட்டார். மெதுவாக, கையை நீருக்கு மேல் வைத்து, ஒரு மணிகூட வெளியே சிந்தாமல். கையைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. "ஒன் ஊர்ல, அவருக்கு இது மாதிரி ஏதாவது வச்சிருக்கா? கல்லு, இடம், ஏதாவது?" இல்லை என்று தலையாட்டினேன். வடக்குத் தெருவில் முனீஸிடம் கேட்டால் ஏதாவது இருக்கலாம், நான் கேட்டதில்லை. "ஒண்ணும் இல்லயா?" "கதை இருக்கு" என்றேன். "எங்க வீட்ல ஒரு கதை சொல்லுவோம்." அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்தார், புடவையைக் கூட்டிக்கொண்டு, புழுதியில். "சொல்லு" என்றார். அண்ணாச்சி போகவில்லை. ஒருவரும் போகவில்லை. நான் வாயைத் திறந்தேன், தாத்தாவின் குரல் வந்து தொண்டையில் ஏறிக்கொண்டது, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் கை போக வேண்டும் என்று எல்லாம் அச்சு மாதிரி இருந்தது, ஒவ்வொரு வரியும் சிரிப்பை நோக்கியே போகிறது, சிரிக்காமல் சொல்ல ஒரு வரிகூட எனக்குத் தெரியவில்லை. கடுக்கன் யார் வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கு ஏன் போட்டுக்கொண்டு வந்தார். அவர் அம்மா இருந்தாளா. இழுத்தபோது என்ன சத்தம் வந்தது. நூறு தடவை கேட்டிருக்கிறேன், இதில் ஒன்றுகூட அதில் கிடையாது. அரிசி கொதிக்கிற சத்தம் கேட்டது. "அவருக்கு இருபது வயசு" என்றேன், "ரொம்ப ரத்தம் வந்திருக்கும் ஆன்ட்டி", அதற்கு மேல் என்ன வரும் என்று தெரியாமல் அவருக்கு முன்னால் நானும் கீழே உட்கார்ந்தேன்.